சொல்லி முடிக்கும்வரை

ரேத்தா வேலை பார்த்த ஊலு நகரத்து நிறுவனத்தில் எல்லோருக்கும் அந்தக் கதை தெரியும். அவள்தான் அதை மேடை மேடையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

கோய்வுராந்தா என்ற கடலோரச் சிற்றூரில் ஒரு பெண் சுகாதார நிலையத்துக்குப் போன் செய்கிறாள். போனை எடுப்பது மனிதர் அல்ல. ரேத்தாவும் அவளுடைய கூட்டாளிகளும் மூன்று வருடம் உழைத்து உருவாக்கிய செயற்கை நுண்ணறிவு. அந்தப் பெண்ணால் "இடது பக்கம்" என்ற இரண்டு வார்த்தைகளுக்கு மேல் சொல்ல முடியவில்லை. வாய் குழறுகிறது. மீதியை இயந்திரம் தானாகவே ஊகித்துக்கொள்கிறது. பக்கவாதம். ஒன்பது நிமிடத்தில் ஆம்புலன்ஸ் அவள் வீட்டு வாசலில் நிற்கிறது.

இதைச் சொல்லிவிட்டு ரேத்தா ஒரு கணம் நிறுத்துவாள். கூட்டம் கைதட்டும். அந்தக் கைதட்டலை அவள் தனக்கென்று எடுத்துக்கொண்டதில்லை. ஆனாலும் அன்று வீட்டுக்குப் போகும்போது சைக்கிள் கொஞ்சம் லேசாக ஓடுவதுபோல் இருக்கும்.

ஜனவரியில் அவளை ஒரு வருடத் திட்டம் ஒன்றில் சேர்த்துவிட்டார்கள். ஒரு விஞ்ஞானி, ஒரு கலைஞர், இருவரும் சேர்ந்து செயற்கை நுண்ணறிவு மனிதர்களை என்ன செய்கிறது என்று ஆராய்ந்து ஒரு கண்காட்சி வைக்க வேண்டும். நிறுவனத்துக்கு நல்ல பெயர் கிடைக்கும் என்று மேலாளர் கையா சொன்னாள். ரேத்தாவுக்கு அதில் பெரிய ஆர்வம் இல்லை. அவளுக்கு ஜோடியாக வந்தவன் இலாரி. ஒலிகளை வைத்து வேலை செய்பவன். போன வருடம் ஏரியில் பனிக்கட்டி விரிசல் விடும் சத்தத்தை மட்டும் ஆறு வாரம் பதிவு செய்தவனாம். முப்பத்தெட்டு வயது, நெடிய உருவம், முழங்கையில் ஓட்டை விழுந்த கம்பளிச் சட்டை. ஒரு வாக்கியத்தை ஆரம்பித்தால் அது எங்கே போய் முடியும் என்று அவனுக்கே தெரியாததுபோல் நிதானமாகப் பேசுவான்.

முதல் நாள் ரேத்தா தன் ஸ்லைடுகளைப் போட்டுக் காட்டினாள். கோய்வுராந்தாப் பெண்ணின் கதையையும் சொன்னாள். வழக்கம்போல் ஒரு கணம் நிறுத்தினாள். இலாரி கைதட்டவில்லை. காபிக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கேட்டான்.

"அந்தம்மா இப்ப எப்படி இருக்காங்க?"

ரேத்தா திரும்பி ஸ்லைடைப் பார்த்தாள். ஆம்புலன்ஸ் போனது பதிவாகியிருந்தது. அதற்கு அப்புறம் என்ன ஆனது என்பது அவர்கள் கணக்கில் வராத விஷயம். யாரும் கேட்டதும் இல்லை. அவள் சமாளித்துக்கொண்டு, நோயாளிகளின் தகவல் ரகசியம் என்று ஏதோ சொன்னாள்.

"சரி," என்றான் இலாரி. "அப்ப உங்க மிஷினுக்கு... புரியாம..."

"புரியாமப் போன அழைப்புகள் வேணுமா? குப்பையில போட்டதா? அதெல்லாம் இருக்கு. தனியா ஒரு கோப்புல வெச்சிருக்கோம்," என்று முந்திக்கொண்டாள் ரேத்தா.

"நீ வேணா என் வாக்கியத்தை எல்லாம் நீயே முடிச்சிடு. நான் போய் இன்னொரு காபி குடிச்சிட்டு வரேன்."

அவன் கோபமாகச் சொல்லவில்லை. ரேத்தா சிரித்துவிட்டாள். சின்ன வயதிலிருந்தே அவளுக்கு அந்தப் பழக்கம். அடுத்தவர் வாயைத் திறக்கும்போதே அவர் எங்கே போகிறார் என்று அவளுக்குத் தெரிந்துவிடும். பள்ளிக்கூடத்தில் அதற்காகப் பரிசு வாங்கியிருக்கிறாள். அவள் உருவாக்கிய இயந்திரத்தின் புதிய பதிப்பும் அதையேதான் செய்தது. பேசுபவர் திணறினால் மீதியை ஊகித்து முடித்துவைத்தது.

புரியாத அழைப்புகள் முந்நூற்றுப் பன்னிரண்டு இருந்தன. எல்லாமே பழைய பதிப்பின் காலத்தவை. பெயர்களை நீக்கி எண்களாக மாற்றி வைத்திருந்தார்கள். திக்கிப் பேசுபவர்கள், தொண்டையில் அறுவை செய்துகொண்டவர்கள், புதிதாக மொழி கற்றவர்கள், நாயைக் குரைக்காதே என்று அதட்டிக்கொண்டே பேசியவர்கள். இலாரி ஹெட்போனை மாட்டிக்கொண்டு இரண்டு வாரம் அத்தனையையும் கேட்டான். ஒருநாள் பிற்பகல் ரேத்தாவைக் கூப்பிட்டு, இந்த நாற்பத்தோரு அழைப்பும் ஒரே ஆள் குரல் என்றான்.

ரேத்தா சரிபார்த்தாள். உண்மைதான். ஆகஸ்டிலிருந்து நவம்பர்வரை, ஒரே எண், கிட்டத்தட்ட வாரம் மூன்று தடவை, எப்போதும் காலை ஒன்பது மணிக்குமேல். ஒரு பெண்குரல். ஒரு சொல், நீண்ட மௌனம், இன்னொரு சொல்லின் முதல் பாதி. சிலவற்றில் கண்ணாடி, தோள் என்று ஒன்றோடொன்று ஒட்டாத சொற்கள். இயந்திரம் மன்னிக்கவும், புரியவில்லை, மறுபடி சொல்லுங்கள் என்கிறது. மறுபடி மௌனம். மூன்றாவது தடவை இயந்திரம் அப்படிச் சொல்லியிருந்தால் அழைப்பு செவிலியருக்குப் போயிருக்கும். அதற்கு முன்பே அந்தப் பெண் போனை வைத்துவிடுவாள். ஒவ்வொரு முறையும்.

அந்த எண்ணிலிருந்து நாற்பத்திரண்டாவதாகவும் ஒரு அழைப்பு வந்திருந்தது. அது புரியாதவற்றின் கோப்பில் இல்லை. வெற்றிகளின் கோப்பில் இருந்தது. நவம்பர் பதினான்கு. "இடது பக்கம்." ஆம்புலன்ஸ்.

ரேத்தா இரண்டு கோப்புகளையும் அருகருகே திறந்து வைத்தாள். ஒருத்தி மூன்று மாதமாக நாற்பத்தோரு தடவை உதவி கேட்டிருக்கிறாள். அவர்களுடைய இயந்திரம் நாற்பத்தோரு தடவையும் அவளைக் கைவிட்டிருக்கிறது. கடைசியில் புதிய பதிப்பு வந்து காப்பாற்றியிருக்கிறது. இது பெருமைப்பட வேண்டிய விஷயமா, வெட்கப்பட வேண்டிய விஷயமா என்று அவளால் பிரித்துப் பார்க்க முடியவில்லை.

குரல்களைக் கண்காட்சியில் வைக்க அந்தந்த ஆட்களின் சம்மதம் வேண்டும். சுகாதார நிலையத்தின் தலைமைச் செவிலியர் எல்லோருக்கும் கடிதம் அனுப்பினார். ஏறக்குறைய ஐம்பது பேர், வீட்டுக்கு வந்து பேசுங்கள் என்று பதில் போட்டார்கள். ரேத்தாவும் இலாரியும் சனிக்கிழமைகளில் அவனுடைய பழைய காரில் வீடு வீடாகப் போனார்கள். சிலர் முகத்துக்கு நேராக முடியாது என்றார்கள். ஒருவர் தன் குரலை இரண்டு தடவை போடச் சொல்லிக் கேட்டு, இவ்வளவு மோசமா என்று வியந்துவிட்டு, கையெழுத்துப் போட்டார். நாற்பத்தோரு அழைப்புகளின் சொந்தக்காரி அனுப்பிய அட்டையில் ஒரு கட்டத்தில் டிக் அடித்திருந்தது. கீழே கோணல்மாணலாக ஒரு பெயர்: விர்பி.

பிப்ரவரியில் அந்த வீட்டுக்குப் போனார்கள். ஊருக்கு வெளியே மஞ்சள் மரவீடு. இடுப்பளவு பனிக்கு நடுவே பாதை கத்தியால் வெட்டியதுபோல் நேராக இருந்தது. கதவைத் திறந்தவர் இஸ்மோ, விர்பியின் கணவர். நகராட்சியில் சாலை வண்டி ஓட்டுபவர். குளிர்காலத்தில் பனி தள்ளும் வேலை, விடியுமுன்பே கிளம்பிவிடுவார். அகன்ற முகம், சிவந்த காது. விருந்தாளிகள் பூட்ஸைக் கழற்றுவதற்குள் காபி ஊற்றிவிட்டார். சுட்ட பாலாடைக்கட்டியை அவரே துண்டு போட்டு, மேலே பழக்கூழ் வைத்துக் கொடுத்தார்.

விர்பி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். ஐம்பது வயது இருக்கும். குட்டை முடி, கூர்மையான கண்கள். வலது கை மட்டும் மடியில் சற்றுச் சும்மா கிடந்தது. இரண்டு வருடத்துக்கு முன் பக்கவாதம் வந்ததாக இஸ்மோ சொன்னார். நடை திரும்பிவிட்டது. பேச்சுதான் இன்னும் முழுசாக வரவில்லை. உள்ளே எல்லாம் தெளிவாக இருக்கிறது, வார்த்தைதான் வாய்க்கு வர நேரமாகிறது. அதற்கு முன் இருபத்து மூன்று வருடம் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவள். இந்த ஊரில் பாதிப்பேர் அவளிடம் திட்டு வாங்கித்தான் லைசென்ஸ் எடுத்தார்கள்.

"எங்க ரெண்டு பேருக்குள்ள ஒரு பிரச்சனையும் இல்லை," என்றார் இஸ்மோ. "அவ என்ன நெனைக்கிறாளோ அது எனக்குத் தெரிஞ்சிடும். இல்ல தங்கம்?"

விர்பி தலையை ஆட்டினாள். ஆமாம் என்பதுபோலவும் இருந்தது, போகட்டும் என்பதுபோலவும் இருந்தது.

ரேத்தா விர்பியைப் பார்த்துக் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் இஸ்மோவே பதில் சொன்னார். விர்பி வாயைத் திறப்பாள், அவர் முடித்துவிடுவார். பெரும்பாலும் சரியாகத்தான் இருந்திருக்க வேண்டும். அதில் அவருக்கு எவ்வளவு பிரியம் என்பது பார்த்தாலே தெரிந்தது. அவளுடைய கோப்பை காலியாவதற்குள் நிரப்பினார். அவள் கையை நீட்டுமுன் ரொட்டியை நகர்த்திவைத்தார்.

ரேத்தா மன்னிப்பு கேட்பதற்காக வந்திருந்தாள். காரில் வரும்போதே வார்த்தைகளைத் தயார் செய்திருந்தாள். நீங்கள் நாற்பத்தோரு தடவை போன் செய்தும் எங்கள் இயந்திரத்துக்குப் புரியாமல் போனதற்காக வருந்துகிறோம் என்றாள்.

இஸ்மோவின் கையில் இருந்த காபிக் குடுவை அப்படியே நின்றது.

"நாப்பத்தொண்ணா?"

அவருக்கு ஒன்றுமே தெரிந்திருக்கவில்லை. நவம்பரில் ஆம்புலன்ஸ் வந்தது மட்டும் தெரியும். ரேத்தா நாக்கைக் கடித்துக்கொண்டாள். பேசிய பேச்சைத் திரும்ப எடுக்க முடியாது.

"நான் வேலைக்குப் போனப்புறமா?" இஸ்மோ மனைவி பக்கம் திரும்பினார். "உடம்புக்கு முடியலையா? ஏன் எங்கிட்ட சொல்லலை?"

"நான்..." என்றாள் விர்பி.

"பயந்துட்டே. தனியா இருந்து பயந்துட்டே."

அவள் இல்லை என்று தலையாட்டினாள். "நான்..."

"வலிச்சிருக்கு. எங்க வலிச்சுது? தலையா?"

விர்பி இடது உள்ளங்கையால் மேசையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினாள். கரண்டிகள் குதித்தன. இஸ்மோ குடுவையைக் கீழே வைத்தார்.

இலாரி நாற்காலியைச் சற்றுப் பின்னால் தள்ளி, நீண்ட கால்களை நீட்டி வசதியாக உட்கார்ந்தான். "எங்களுக்கு அவசரம் ஒண்ணும் இல்லைங்க," என்றான். "சாயங்காலம் வரைக்கும் இருப்போம்."

அதற்குப் பிறகு அவன் பேசவில்லை. யாரும் பேசவில்லை. சுவர்க்கடிகாரம் ஓடியது. ரேத்தாவின் வாயில் மூன்று ஊகங்கள் வரிசையாக வந்து நின்றன. ஒவ்வொன்றையும் விழுங்கினாள். அது இவ்வளவு கஷ்டமாக இருக்கும் என்று அவள் நினைத்ததில்லை. விர்பியின் நெற்றி சுருங்கியது, விரிந்தது. உதடுகள் ஒரு வடிவத்துக்கு வந்து மாறிப்போயின. இருட்டு அறையில் சுவிட்சைத் தேடுகிற ஆளைப்போல அவள் உள்ளே எதையோ துழாவிக்கொண்டிருந்தாள்.

"நான்... பாடம்... எடுத்தேன்."

இஸ்மோவுக்குப் புரியவில்லை. ரேத்தாவுக்கும் புரியவில்லை. மூவரும் காத்திருந்தார்கள்.

"மிஷினுக்கு... கார்... ஓட்ட... கத்துக்... குடுத்தேன்."

சொல்லிவிட்டு அவள் சிரித்தாள். முகம் முழுக்கப் பரவிய சிரிப்பு. அதில் அந்தப் பழைய ஆசிரியை தெரிந்தாள்.

அடுத்த ஒரு மணி நேரத்தில் விஷயம் துண்டு துண்டாக வெளியே வந்தது. பேச்சுப் பயிற்சிக்கு வாரம் ஒருமுறைதான் நேரம் கொடுத்திருந்தார்கள். அது போதவில்லை. அவள் எதைச் சொல்ல ஆரம்பித்தாலும் எதிரே இருப்பவர் முடித்துவைத்தார். கடைக்காரி, அக்கா, அக்கம்பக்கத்தார், எல்லோருமே. அன்புதான். ஆனால் ஒரு வாக்கியத்தைக்கூட அவளால் கடைசிவரை கொண்டுபோக முடியவில்லை. ஒருநாள் மருந்துச் சீட்டுக்காகச் சுகாதார நிலையத்துக்குப் போன் செய்தாள். எடுத்தது இயந்திரம். அவள் திணறினாள். அது காத்திருந்தது. புரியவில்லை, மறுபடி சொல்லுங்கள் என்றது. சலிப்பில்லாத, பரிதாபமில்லாத குரல். மறுநாள் மறுபடி போன் செய்தாள். என்ன சொல்வது என்று தெரியாமல், வாயில் இருபத்து மூன்று வருடம் ஊறிக்கிடந்ததைச் சொன்னாள். கண்ணாடியைப் பார். சிக்னல் போடு. தோளுக்குமேல் திரும்பிப் பார். மெதுவாக எடு. நிஜமாக உடம்பு சரியில்லாதவர்களின் நேரத்தை எடுத்துக்கொள்ளக்கூடாது என்பதால், செவிலியருக்குப் போகுமுன் வைத்துவிடுவாள். அக்டோபர் வாக்கில் ஐந்து சொல் உள்ள வாக்கியம் ஒன்றை முழுசாகச் சொல்லிவிட்டாள். அன்று சமையலறையில் தனியாக நின்று கைதட்டிக்கொண்டாளாம்.

கேட்காமலே போய்விடலாமா என்று ரேத்தாவுக்குத் தோன்றியது. இருந்தாலும் அந்தக் கேள்வியைக் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

"அப்ப நவம்பர்ல... ஆம்புலன்ஸ் வந்த அன்னைக்கு?"

விர்பி ஜன்னல் பக்கம் ஒரு கணம் பார்த்தாள்.

"இடது பக்கம்... பாத்து... திரும்பு."

அவ்வளவுதான். புதிய பதிப்பு அன்று காலைதான் வேலைக்கு வந்திருந்தது. "இடது பக்கம்" என்றதுமே அது இடையில் புகுந்து, இடது பக்கம் மரத்துப்போகிறதா, கை தூக்க முடிகிறதா, பயப்படாதீர்கள், உதவி வருகிறது என்று கடகடவென்று பேசி முடித்துவிட்டது. இல்லை என்ற ஒரு சொல் அவள் வாய்க்கு வருவதற்குள் ஆம்புலன்ஸ் வந்துவிட்டது. மத்தியானம்வரை ஆஸ்பத்திரியில் வைத்துச் சோதனை செய்து, ஒன்றும் இல்லை என்று அனுப்பினார்கள். ஆம்புலன்ஸில் வந்த இரண்டு பேரில் ஒருவன் அவளிடம் ஓட்டக் கற்றவன். வழியெல்லாம் அவன் சிக்னல் சரியாகப் போடுகிறானா என்று கவனித்துக்கொண்டே போனாளாம்.

ரேத்தா எத்தனை மேடைகளில் அந்தக் கதையைச் சொல்லியிருக்கிறாள் என்று மனசுக்குள் எண்ண ஆரம்பித்து, பாதியில் விட்டுவிட்டாள். அதற்கப்புறம் ஏன் போன் செய்யவில்லை என்று இலாரி கேட்டான்.

விர்பி கொஞ்ச நேரம் கணவரைப் பார்த்தாள். சொல்லலாமா வேண்டாமா என்று யோசிப்பது தெரிந்தது. பிறகு சொன்னாள்.

"அதுவும்... இஸ்மோ மாதிரி... ஆயிடுச்சு."

இஸ்மோ மெல்ல எழுந்தார். கோப்பையைத் தொட்டியில் வைத்தார். பனி அள்ள வேண்டியிருக்கிறது என்று முணுமுணுத்துக்கொண்டு கோட்டை எடுத்துக்கொண்டு வெளியே போனார். பாதையில் அள்ளுவதற்குப் பனி இல்லை. அவர் சுத்தமான பாதையிலேயே மண்வெட்டியைத் தேய்த்துக்கொண்டிருப்பது ஜன்னல் வழியாகத் தெரிந்தது.

விர்பி எழுந்தாள். கோட்டைத் தோளில் போட்டுக்கொண்டு, ஒரு கையால் பித்தானோடு போராடாமல் அப்படியே போனாள். ரேத்தா உதவிக்கு எழப்போனாள். இலாரி அவள் சட்டைக் கையைப் பிடித்து உட்காரவைத்தான்.

வெளியே இருவரும் எதிரெதிரே நின்றார்கள். விர்பியின் வாயிலிருந்து ஆவி வருவதும் நிற்பதும் வருவதுமாக இருந்தது. இஸ்மோ மண்வெட்டிமேல் சாய்ந்தபடி நின்றார். ஒருமுறை அவர் வாய் திறந்தது. உடனே மூடிக்கொண்டது. அவள் என்ன சொன்னாள் என்று உள்ளே இருந்தவர்களுக்குக் கேட்கவில்லை. வெகுநேரம் ஆயிற்று என்பது மட்டும் தெரியும். கடைசியில் அவர் அவளுடைய கோட்டுப் பித்தான்களைக் கீழிருந்து மேலாகப் போட்டுவிட்டார். அதற்கு அவள் ஒன்றும் சொல்லவில்லை.

உள்ளே வந்ததும் இஸ்மோ யாரையும் பார்க்காமல் சொன்னார்: "உதவி பண்றேன்னுதான் நெனச்சேன்."

"நானுந்தாங்க," என்றாள் ரேத்தா.

திரும்பிப் போகும் வழியில் அறுபது கிலோமீட்டரும் ரேத்தா தன் போனில் அந்த ஸ்லைடைத் திறந்து பார்த்துக்கொண்டே வந்தாள். இலாரி காரை நிதானமாக ஓட்டினான்.

திங்கட்கிழமை அவள் கையாவிடம் போய், அந்த ஸ்லைடை இனிமேல் காட்ட முடியாது என்றாள். கையா கெட்டவள் அல்ல, யோசித்துத்தான் பேசுவாள். ஏற்கெனவே பக்கவாதம் வந்த ஒருத்தி இடது பக்கம் என்று சொல்லித் திணறினால் ஆம்புலன்ஸ் அனுப்புவது தப்பில்லை, நாளைக்கே நிஜமாக வந்தால் அதுதான் உயிரைக் காப்பாற்றும் என்றாள். ரேத்தாவால் அதை மறுக்க முடியவில்லை. ஆம்புலன்ஸ் வரட்டும், ஆனால் அவள் இல்லை என்று சொல்வதற்கு இடம் விட்டிருக்க வேண்டும் என்றாள். இருவரும் அரைமணி நேரம் வாதாடினார்கள். கடைசியில் கையா, கணக்கைக் கொண்டு வா, பார்க்கலாம் என்றாள்.

ரேத்தா கணக்கெடுத்தாள். மார்ச் முழுக்க அதே வேலை. முந்நூற்றுப் பன்னிரண்டு அழைப்புகளிலும் ஒவ்வொரு மௌனத்தையும் விநாடி விநாடியாக அளந்தாள். இதுவரை அந்த வேலையில் யாரும் மௌனத்தை அளந்ததில்லை. வெட்டி எறிந்துவிட்டுச் சொற்களை மட்டும் எடுத்துக்கொள்வார்கள். மௌனத்தையும் சேர்த்துக் கேட்டபோது, பாதிக்கும் மேற்பட்டவர்கள் கடைசியில் தாங்கள் நினைத்ததைச் சொல்லியே இருந்தார்கள். இயந்திரம் அதற்குள் மறுபடி சொல்லுங்கள் என்று குறுக்கிட்டதால்தான் அவர்கள் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருந்தது. புதிய பதிப்பின் கணக்கு இன்னும் சங்கடமாக இருந்தது. செவிலியர் மூலம் பேசியவர்களையே திரும்பக் கேட்டுப் பார்த்ததில், அது முடித்துவைத்த வாக்கியங்களில் ஐந்தில் ஒன்று அவர்கள் நினைத்தது அல்ல. அப்போது அவர்கள் மறுக்கவும் இல்லை. மறுப்பதற்கும் சொல் வேண்டுமே.

கண்காட்சிக்குப் பழைய பதிவைத் தர விர்பி சம்மதிக்கவில்லை. புதிதாக ஒன்று பேசித் தருகிறேன் என்றாள். ஏப்ரலில் இஸ்மோ அவளை இலாரியின் ஒலிப்பதிவு அறைக்குக் கூட்டிவந்தார். அறையும் அவர் உட்காரும் இடமும் கண்ணாடித் தடுப்பால் பிரிந்திருந்தன. உள்ளே பேசுவது அவருக்கு ஸ்பீக்கரில் கேட்டது. அவள் ஒவ்வொரு சொல்லுக்கும் நின்றபோது அவர் உதடுகள் தன்னையறியாமல் அந்தச் சொல்லைச் சொல்லிக்கொண்டன. ஆனால் சத்தம் வரவில்லை. இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். ரேத்தா பக்கத்தில் இருந்தாள்.

"பனியில வண்டி ஓட்றதுகூட இவ்வளவு கஷ்டம் இல்லைங்க," என்று அவள் காதோரம் சொன்னார்.

விர்பி பேசியது ஒரு நிமிடம் ஐம்பது விநாடி. பாட்டுப்போலவோ பிரசங்கம்போலவோ இல்லை. நின்றுகொண்டிருக்கும் காரைச் சாலைக்கு எடுப்பது எப்படி என்ற பாடம். அந்த நாட்டில் வண்டிகள் சாலையின் வலப்புறம் ஓடும், அதனால் ஓரத்திலிருந்து எடுக்கும்போது இடது தோளுக்குமேல் பார்க்க வேண்டும். மௌனங்களைக் கொஞ்சம் குறைத்தால் கேட்பவர்களுக்குச் சுலபமாக இருக்குமே என்று கண்காட்சி நடக்கவிருந்த நூலகத்தில் ஒருவர் யோசனை சொன்னார். இலாரி சண்டைக்குப் போய்விட்டான். மெதுவாகத்தான் போனான், ஆனால் போனான்.

மே மாதம் கோய்வுராந்தா நூலகத்தின் கீழ்த்தளத்தில் கண்காட்சி திறந்தது. சுவரில் ஒன்றும் இல்லை. பதினெட்டு பழைய தொலைபேசிகள் மட்டும். எடுத்தால் ஒரு குரல். ரேத்தாவின் கணக்குகள் வாசலில் ஒரு சின்னத் தாளில் இருந்தன. அவற்றோடு நவம்பர் பதினான்கின் கதையையும் அவள் எழுதியிருந்தாள், இந்த முறை கடைசிவரை. விர்பியின் சம்மதத்தோடு.

முதல் ஒரு மணி நேரம் ரேத்தாவுக்கு வேதனையாக இருந்தது. வருகிறவர்கள் போனை எடுத்தார்கள், பத்து விநாடி கேட்டார்கள், ரிப்பேர் என்று நினைத்து வைத்துவிட்டார்கள். பிறகு கோட்டு சூட்டுப் போட்ட ஒருவர் வந்தார். உள்ளூர் வங்கியின் மேலாளர், நாற்பது வயதுக்காரர். ஏழாவது தொலைபேசியை எடுத்தவர் வைக்கவில்லை. முதல் சொல்லிலேயே அவர் முகம் மாறியது. அது யார் குரல் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. நிமிர்ந்து நின்றார். போன் காதில் இருக்க, கண்கள் மேலே போயின, அங்கே ஒரு கண்ணாடி இருப்பதுபோல. காத்திருந்தார். இடது கை லேசாக அசைந்தது. இன்னும் காத்திருந்தார். பிறகு மெல்லத் தலையைத் திருப்பி இடது தோளுக்குமேல் பார்த்தார்.

அங்கே பத்தடி தள்ளி விர்பி நின்றுகொண்டிருந்தாள்.

அவர் போனை வைத்துவிட்டு வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார். அவள்தான் பேசினாள்.

"பார்க்கிங்... இன்னும்... மோசம்தானா?"

அந்தக் கேள்வி முடிய எவ்வளவு நேரம் ஆனதோ அவ்வளவு நேரமும் அவர் நின்றார். பிறகு, மோசம்தான் என்று ஒப்புக்கொண்டார். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். அதைப் பார்த்தவர்கள் ஏழாவது தொலைபேசிக்கு வந்தார்கள். மத்தியானத்துக்குள் அங்கே வரிசை நின்றது. ஒருவர்பின் ஒருவராக, போனைக் காதில் வைத்து, அசையாமல் நின்று, மெல்ல இடது பக்கம் தலையைத் திருப்பினார்கள். இலாரி ஒரு மூலையில் நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தான். இப்படி ஆகும் என்று அவன் நினைத்திருக்கவே இல்லையாம்.

இஸ்மோ கூட்டம் குறைந்த பிறகு வந்து எடுத்தார். ஒருமுறை கேட்டு முடித்துவிட்டு, மறுபடி முதலிலிருந்து கேட்டார்.

ஆகஸ்டில் கோய்வுராந்தா சுகாதார நிலையத்தின் போன் மாற்றப்பட்டது. ரேத்தா கேட்டது முழுசாகக் கிடைக்கவில்லை. ஆபத்து என்று தோன்றினால் இயந்திரம் இன்னும் அவசரமாகத்தான் நடந்துகொள்கிறது. ஆனால் ஆம்புலன்ஸை அழைத்த பிறகும் வாய் மூடிக் காத்திருக்கிறது, வேண்டாம் என்று சொல்ல நேரம் தருகிறது. மற்ற நேரங்களில் மௌனத்துக்கு இருபது விநாடி. ஒவ்வொரு அழைப்பும் சராசரியாகப் பதினோரு விநாடி கூடுதலாகிவிட்டது என்று நிலையத்தில் முணுமுணுத்தார்கள். கையா அந்தப் பதினோரு விநாடிக்காக இரண்டு கூட்டங்களில் வாதாடினாள். யார் அவளை மாற்றினார்கள் என்று ரேத்தா கேட்டுக்கொள்ளவில்லை. பழைய பதிப்பை அப்படியே ஒரு தனி எண்ணில் போட்டு, பேச்சிழந்தவர்கள் பயிற்சி செய்யும் குழுவுக்குக் கொடுத்தார்கள். அதில் இப்போது பதினான்கு பேர் பேசுகிறார்கள். அந்தப் பேச்சு எங்கும் பதிவாவதில்லை.

செப்டம்பரில் ஒரு மாலை ரேத்தா சூப் வைத்துக்கொண்டிருந்தபோது அவள் போன் அடித்தது. எடுத்தாள். பதில் இல்லை. வைக்கப்போனவள், மூச்சுச் சத்தம் கேட்டு நிறுத்தினாள். அடுப்பை அணைத்துவிட்டு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

"விர்பி... பேசறேன்."

"சொல்லுங்க."

விர்பி சொன்னாள். சொல்லி முடிக்க ஏழு நிமிடம் ஆயிற்று. படகுக் கொட்டகைக்கு என்ன நிறம் அடிப்பது என்று இஸ்மோவுக்கும் அவளுக்கும் காலையில் சண்டை. சிவப்புதான் என்று அவர், சாம்பல்தான் என்று அவள். பக்கவாதம் வந்ததிலிருந்து அந்த வீட்டில் சண்டையே கிடையாது. அவள் ஆரம்பிக்குமுன் அவர் விட்டுக்கொடுத்துவிடுவார். இன்று விட்டுக்கொடுக்கவில்லை. அவள் ஒவ்வொரு காரணமாகச் சொல்லச் சொல்ல, கையைக் கட்டிக்கொண்டு நின்று முழுக்கக் கேட்டுவிட்டு, எதிர்வாதம் செய்திருக்கிறார். அவளும் விடவில்லை. காலைச் சாப்பாடு ஆறிப்போய்விட்டது. மத்தியானம்வரை நடந்ததாம்.

"அப்புறம்?" என்று கேட்டாள் ரேத்தா.

போனில் நெடுநேரம் ஒன்றும் வரவில்லை. பின்னால் எங்கோ இஸ்மோ பெயிண்ட் டப்பாவைத் திறக்கும் சத்தம், பிரஷ்ஷைத் தேடி முனகும் சத்தம்.

"நான்... ஜெயிச்சேன்," என்றாள் விர்பி.